ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

ராமானுஜன் பிறந்த நாள், டிசம்பர் 22 வந்தா போதும். பள்ளிக்கூடச் சுவர், பேப்பர், வாட்ஸ்அப் குரூப்னு எங்க திரும்பினாலும் 1729 வந்து நிக்கும். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி டாக்ஸியில வந்தார், வண்டி நம்பர்ல சுவாரசியமே இல்லைன்னார், படுக்கையில இருந்த ராமானுஜன் அப்படியில்லைன்னு பதில் சொன்னார். நல்ல கதைதான். யாரும் வேண்டாம்னு சொல்லல.

ஆனா வருஷா வருஷம் அந்த ஒரே எண்ணை வெச்சு அவரைக் கொண்டாடி முடிச்சுக்கறது எரிச்சலா இருக்கு. 1729 ஒரு பேச்சுவாக்குல வந்த எண். ராமானுஜன் உட்கார்ந்து நீளமா கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜ்ல பட்டமும் வாங்கினது வேற எண்களுக்காக. அதைப் பத்தி யாராவது பேசறாங்களா?

இந்தப் பதிவு அந்த எண்கள்ல ஒண்ணைப் பத்தினது. இதான் அது:

293318625600

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ராமானுஜனோட 1915 பட்டியல்ல இருந்திருக்கணும். ஆனா இல்ல. அவர் விட்டுட்டார்.

விட்டுப்போன எண்ணுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதைன்னு கேட்கலாம். கொஞ்சம் பொறுமையா படிச்சா, அந்தப் பட்டியல்லயே ரொம்ப அழகான இடம் இதோட இடம்தான்னு தெரியும்.

முதல்ல இது என்ன பட்டியல்னு பார்த்துடலாம்.

12-ஐ எடுத்துக்குங்க. 1, 2, 3, 4, 6, 12 எல்லாம் அதை மீதியில்லாம வகுக்கும். ஆக ஆறு காரணிகள். 12-ஐ விடச் சின்ன எந்த எண்ணுக்கும் ஆறு காரணி கிடையாது. 11-க்கு ரெண்டுதான், 10-க்கு நாலு, 8-க்கும் நாலு. இப்படித் தன்னைவிடச் சின்ன எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில ஜெயிக்கிற எண்ணுக்கு 'ஹைலி காம்போசிட்'னு பேர். தமிழ்ல மிகு பகு எண்னு வெச்சுக்கலாம். பகா எண்ணுக்கு நேர் எதிர்த் துருவம். பகா எண் யாருக்கும் பிரிஞ்சு கொடுக்காது. இது எத்தனை விதமா முடியுமோ அத்தனை விதமாவும் பிரிஞ்சு கொடுக்கும்.

வரிசை இப்படிப் போகும்: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840...

பார்த்த முகங்கள் நிறைய இருக்கா? ஒரு நாளைக்கு 24 மணி. மணிக்கு 60 நிமிஷம். வட்டத்துக்கு 360 டிகிரி. நம்ம ஊர்ப் பழைய கணக்குல ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம், பிரபவ தொடங்கி அட்சய வரைக்கும் 60 வருஷம். பங்கு போடறதுக்கு வசதியான எண்கள்ங்கறதால பல ஊர்க் கணக்குலயும் இவங்களே நிக்கறாங்க. பாதி, மூணுல ஒண்ணு, கால், அஞ்சுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு எதைக் கேட்டாலும் 60 முழுசா கொடுக்கும். 100-கிட்ட மூணுல ஒண்ணு கேட்டுப் பாருங்க, புள்ளி வெச்சு இழுத்துக்கிட்டே போகும்.

சரி, 29,331 கோடிக்கு எத்தனை காரணின்னு எப்படி எண்றது? ஒண்ணு ஒண்ணா வகுத்துப் பார்த்தா ஆயுசு பத்தாது. பகா எண்களா உடைச்சுட்டா ஒரு நிமிஷ வேலை:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இதோட ஒரு காரணியை உருவாக்கணும்னா, 2-ஐ எத்தனை தடவை எடுத்துக்கறதுன்னு முடிவு பண்ணணும். பூஜ்யத்துல இருந்து ஆறு வரைக்கும் ஏழு வழி. 3-க்கு அஞ்சு வழி. 5-க்கு மூணு, 7-க்கு மூணு. 11, 13, 17, 19 நாலுக்கும் எடு அல்லது விடுன்னு ரெண்டு ரெண்டு வழி. எல்லாத்தையும் பெருக்கினா:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

ஐயாயிரத்து நாப்பது காரணிகள்! (1729 = 7 × 13 × 19. அதுக்கு எட்டே எட்டுதான்.)

இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா சராசரியைப் பார்க்கணும். 1-ல இருந்து இந்த எண் வரைக்கும் இருக்கிற எண்களோட சராசரிக் காரணி எண்ணிக்கை வெறும் 26 சொச்சம். அதுவும் நம்ம எண் மாதிரி சில பேர் ஆயிரக்கணக்குல வெச்சுக்கிட்டு சராசரியைத் தூக்கிவிடறதால வர்ற 26. சாதாரண எண்ணோட நிலைமை இன்னும் கீழ. ஒரு எண்ணுக்கு வழக்கமா எத்தனை வெவ்வேற பகா காரணி இருக்கும்ங்கறதை ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்தே 1917-ல நிரூபிச்சாங்க. அந்தக் கணக்குப்படி 12 இலக்க எண்ணுக்கு மூணை ஒட்டித்தான் வரும். நம்ம எண்ணுக்கு எட்டு. திருப்பித் திருப்பி வர்றதையும் சேர்த்தா 18.

இதோட அக்கம்பக்கத்தையும் பாருங்க. 293318625599, 293318625601. ஒண்ணு குறைச்சு, ஒண்ணு கூட்டி. நம்ம எண்ணை 2, 3, 5, 7, 11, 13, 17, 19 எல்லாமே வகுக்கறதால, இந்த ரெண்டையும் அதுல ஒண்ணுகூட வகுக்காது. வகுத்தா ஒண்ணு மீதி வரும், இல்லேன்னா ஒண்ணு குறையும். ஆக அவங்களுக்குப் பகா காரணியே 23-ல இருந்துதான் ஆரம்பிக்க முடியும். தெருவுல ஒரே ஒரு மாடி வீடு, ரெண்டு பக்கமும் காலி மனை.

இப்ப ராமானுஜன்கிட்ட வருவோம்.

1914 மார்ச்ல சென்னையில கப்பல் ஏறினவர் ஏப்ரல்ல இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். சில மாசத்துல முதல் உலகப் போர். அடுத்த வருஷம், 1915-ல, லண்டன் கணிதக் கழகத்தோட இதழ்ல அவரோட நீளமான கட்டுரை வந்தது. அறுபது பக்கத்துக்கும் மேல. தலைப்பே 'மிகு பகு எண்கள்'தான். கும்பகோணத்துலயும் பச்சையப்பன்லயும் கணக்கைத் தவிர மத்த பாடத்துல தேறாம பட்டம் இல்லாமப் போனவருக்கு, 1916 மார்ச்ல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி அடிப்படையில பி.ஏ. கொடுத்தது. அதுக்கு அடிப்படையா இருந்தது இந்த வேலைதான். டாக்ஸி நம்பர் இல்ல.

கட்டுரையில அவர் முதல்ல பண்றது, இந்த எண்களோட உருவம் எப்படி இருந்தாகணும்னு காட்டறது. அதுல மூணு விதி போதும் நமக்கு.

முதல் விதி: பகா எண்கள் 2-ல ஆரம்பிச்சு இடைவெளி இல்லாம வரணும். நடுவுல 13-ஐத் தாண்டிக் குதிச்சு 17-க்குப் போகக்கூடாது. 17-க்குப் பதிலா 13-ஐப் போட்டா காரணி எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சின்னதாயிடும். அப்ப பெரிசு தோத்துப்போச்சு.

ரெண்டாவது: அடுக்குகள் இறங்குமுகமா இருக்கணும். 2-ஓட அடுக்கு 3-ஓட அடுக்கைவிடக் குறையக்கூடாது, 3-ஓடது 5-ஓடதைவிடக் குறையக்கூடாது. 2² × 3 = 12-க்கும் ஆறு காரணி, 2 × 3² = 18-க்கும் அதே ஆறு. அப்ப 18 எதுக்கு?

மூணாவது: கடைசிப் பகா எண்ணோட அடுக்கு ஒண்ணாத்தான் இருக்கும். விதிவிலக்கு ரெண்டே ரெண்டு எண், 4-ம் 36-ம். எண் எவ்வளவு பெரிசா போனாலும் வேற விதிவிலக்கு வராது.

நம்ம எண்ணோட அடுக்குகளை இப்ப வரிசையா படிங்க: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. மூணு விதியும் பொருந்துது.

இந்த விதிகள் மட்டும் போதாது. பொருந்தற எண்கள் எல்லாம் மிகு பகு எண் ஆயிடாது. ஆனா தேட வேண்டிய இடம் லட்சக்கணக்கான கோடியில இருந்து சில ஆயிரமா சுருங்கிடுது. அதுக்கு மேல ராமானுஜன் ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு வரைக்கும் போகலாம்னு எல்லைகளையும் கணக்குப் போட்டார். அப்புறம் பட்டியல்: 2-ல தொடங்கி 6746328388800 வரைக்கும் 102 எண்கள். கடைசி எண் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடிக்கும் மேல. கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் கைக்கணக்கு.

அந்த வீச்சுல சரியான எண்ணிக்கை 103. விட்டுப்போன ஒண்ணே ஒண்ணு, 293318625600.

அது நிக்கிற இடத்தை இப்ப கிட்டப் போய்ப் பார்க்கலாம். இந்தப் பதிவோட முக்கியமான பகுதி இதான். பேப்பரும் பேனாவும் இருந்தா நல்லது.

பட்டியல்ல அந்தப் பகுதியில ரெண்டு வகை எண்கள் மாறி மாறி வருது. ஒரு வகை 19-ஓட நின்னுடும். இன்னொரு வகை 23 வரைக்கும் போகும்.

41902660800: 19 வகை, 3360 காரணி.
48886437600: 19 வகை, 3456.
64250746560: 23 வகை, 3584. (23 முதல்முதலா உள்ள நுழையறது இங்கதான்.)
73329656400: 19 வகை, 3600.
80313433200: 23 வகை, 3840.
97772875200: 19 வகை, 4032.
128501493120: 23 வகை, 4096.
146659312800: 19 வகை, 4320.
160626866400: 23 வகை, 4608.
240940299600: 23 வகை, 4800.

அதுக்கு அடுத்து வர வேண்டியது நம்ம 293318625600, 5040 காரணி. அதுக்கப்புறம் 321253732800, 23 வகை, 5376 காரணி.

இதுல 19 வகையை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. 41902660800, நம்ம எண்ணை 7-ஆல வகுத்தது. 48886437600, 6-ஆல வகுத்தது. 73329656400, 4-ஆல வகுத்தது. 97772875200, 3-ஆல வகுத்தது. 146659312800, சரிபாதி.

ஏழுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு, கால், மூணுல ஒண்ணு, பாதி. அடுத்து முழுசு! படிக்கட்டு மாதிரி அஞ்சு எண் வரிசையா ஏறி வந்து, ஆறாவதா நிக்க வேண்டியதுதான் விட்டுப்போனது. 19-ஓட நிக்கிற வகையோட கடைசி ஆள் இது. பட்டியல்ல இதுக்குப் பின்னால வர்ற 13 எண்கள்லயும் 23 இருக்கு.

அப்ப 23 வகையை மட்டும் வெச்சு அந்த இடத்தை நிரப்பியிருக்க முடியாதா? முயற்சி பண்ணிப் பார்க்கலாம். 2⁴ × 3² × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23-னு ஒரு அடித்தளம் எடுத்துக்குவோம். மதிப்பு 26771144400, காரணிகள் 2880. இதை 9-ஆல பெருக்கினா 240940299600, காரணிகள் 4800. இதையே 12-ஆல பெருக்கினா 321253732800, காரணிகள் 5376. ரெண்டும் பட்டியல்ல இருக்கு.

நடுவுல? 10-ஆல பெருக்குங்க. ஒரு 2-ம் ஒரு 5-ம் கூடுது. காரணிகள் 6 × 3 × 4 × 64 = 4608. ஏற்கெனவே 4800 வந்தாச்சு, இது செல்லாது. 11-ஆல பெருக்குங்க. 11-ஓட அடுக்கு ரெண்டாகுது, காரணிகள் 4320. இன்னும் மோசம். பத்தரை மடங்குன்னு வெச்சு, ஒரு 2-ஐக் கழட்டிட்டு 3-ம் 7-ம் சேர்த்தாலும் அதே 4608.

9-க்கும் 12-க்கும் நடுவுல 23 வகைக்கு ஆளே இல்ல. 24,094 கோடியில இருந்து 32,125 கோடி வரைக்கும் அவ்வளவு பெரிய காலி இடம். 19 வகை கடைசியா ஒரு தடவை உள்ள வந்து அந்த இடத்தைப் பிடிக்குது. 23 கையில இல்லாமலே, 7-ஐ ரெண்டு தடவை, 3-ஐ நாலு தடவை, 2-ஐ ஆறு தடவை எடுத்து 5040-ஐத் தொடுது. அதுக்கு ஒரு படி மேல நிக்கற 321253732800-ஓ சாதாரண ஆள் இல்ல. மிகு பகு எண்களுக்குள்ளயே இன்னும் கடுமையான ஒரு சோதனையில தேறினவங்களை ராமானுஜன் தனியா பிரிச்சு 'உயர்' மிகு பகு எண்கள்னு ஒரு உட்பிரிவு வெச்சார். அதுல ஒண்ணு அது.

இதோட முடியல.

பட்டியலோட கடைசி எண் ஞாபகம் இருக்கா? 6746328388800. அதை உடைச்சா:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

நம்ம எண்ணோட அடுக்குகளே, அப்படியே, கடைசியில ஒரு 23 மட்டும் ஒட்டியிருக்கு. அதாவது 293318625600 × 23 = 6746328388800. பெருக்கிப் பார்த்துக்குங்க. காரணிகள் 5040-க்கு ரெண்டு மடங்கு, 10080.

விட்டுப்போன எண், பட்டியலோட கடைசி வரியில முழுசா உட்கார்ந்திருக்கு. பாதியாவும் மூணுல ஒண்ணாவும் நடுவுல இருக்கு. அதுவா மட்டும் இல்ல.

இந்த விஷயத்தைச் சொன்னா ரெண்டு விதமான ஆட்கள் வருவாங்க. "பார்த்தியா, அவரே தப்பு பண்ணியிருக்கார்"னு ஒருத்தர். "அவராவது தப்பு பண்றதாவது, அச்சுக் கோக்கறவன் விட்டிருப்பான்"னு இன்னொருத்தர். ரெண்டு பேருக்கும் அந்தக் கட்டுரையில என்ன இருக்குன்னு பார்க்கறதுல அக்கறை இல்ல. 103-ல 102 சரியா எழுதினதை வெச்சு ஒருத்தரைக் குறைக்கவும் முடியாது, அதை மறைச்சு அவரைத் தூக்கவும் தேவையில்ல. ராமானுஜன் கொடுத்தது பட்டியல் மட்டும் இல்ல, பட்டியலைச் சரிபார்க்கற விதிகளையும் சேர்த்துக் கொடுத்தார். விட்டுப்போன எண்ணைப் பிடிக்க நமக்கு இன்னிக்குத் தேவைப்படறதும் அதே விதிகள்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினா சில நொடியில 103-ம் வந்து விழும். அந்த நிரலுக்குள்ள இருக்கப்போறது 'அடுக்குகள் இறங்குமுகமா இருக்கணும்'ங்கற 1915-ஓட வரி.

சரி, இந்த எண் வேற எந்தெந்த வகையில எல்லாம் சேரும்?

வகுபடறதுல ஆரம்பிக்கலாம். 1, 2, 3-னு வரிசையா 22 வரைக்கும் எல்லா எண்ணாலயும் வகுபடும். 23-ல இடறும். திரும்ப 24, 25, 26, 27, 28 எல்லாத்தாலயும் வகுபடும். ஆக முதல் 28 எண்கள்ல 23 ஒண்ணுதான் தகராறு.

அடுத்து, தன்னோட காரணி எண்ணிக்கையாலயே வகுபடுமா? 293318625600 ÷ 5040 = 58198140. மீதி இல்ல. இந்தக் குணமும் இருக்கு. (12-க்கும் உண்டு: ஆறு காரணி, 12-ஐ 6 வகுக்கும். ஆனா 48-க்கு இல்ல: பத்து காரணி, 48-ஐ 10 வகுக்காது.)

இலக்கங்களைக் கூட்டுங்க: 2+9+3+3+1+8+6+2+5+6 = 45. இந்த 45-ம் எண்ணை மீதியில்லாம வகுக்கும், 6518191680 தடவை. இப்படிப்பட்ட எண்களுக்கு ஹர்ஷத் எண்கள்னு பேர். வெச்சவர் மகாராஷ்டிரத்துல தேவ்லாலியில பள்ளி ஆசிரியரா இருந்த காப்ரேக்கர்.

அப்புறம் மிகை எண். தன்னைத் தவிர மத்த காரணிகளைக் கூட்டினா தன்னைவிட அதிகமா வந்தா மிகை எண், சமமா வந்தா நிறைவெண் (6, 28 மாதிரி), குறைஞ்சா குறைவெண். நம்ம எண்ணோட மத்த காரணிகளைக் கூட்டினா 1348924389120. தன்னைப் போல சுமார் 4.6 மடங்கு!

இவ்வளவு இருந்தும் ஒரு போட்டியில இது தோத்துப்போகுது. காரணிகளை எண்றதுக்குப் பதிலா, தன்னையும் சேர்த்து எல்லாக் காரணிகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எண்ணுக்கு எத்தனை மடங்குன்னு பார்க்கிற போட்டி. தன்னைவிடச் சின்ன எல்லாரையும் அதுல ஜெயிக்கிற எண்களை அலோக்லு, ஏர்தோஷ்ங்கற ரெண்டு கணிதவியலாளர்கள் 1944-ல ஆராய்ஞ்சாங்க. நம்ம எண்ணுக்கு அந்த மடங்கு சுமார் 5.599. அதைவிடச் சின்னதான 240940299600-க்கு 5.604. மயிரிழையில போச்சு. காரணம் அந்த 23-தான். காரணியோட எண்ணிக்கையில 7²-ம் 2⁶-ம் கைகொடுத்துச்சு. கூட்டுத்தொகையில புதுசா ஒரு பகா எண் வெச்சிருக்கறவன் முந்திட்டான்.

இப்ப அந்த 5040.

இந்த எண் தனக்குள்ளயே ஒரு ஊர். 1-ல இருந்து 7 வரைக்கும் பெருக்கினா 5040. அதுவும் ஒரு மிகு பகு எண், 60 காரணிகள். 60-ம் மிகு பகு எண், 12 காரணிகள். 12-க்கு 6, 6-க்கு 4. நம்ம பெரிய எண்ணுல ஆரம்பிச்சு காரணி எண்ணிக்கையை எடுத்துக்கிட்டே போனா இந்த வரிசை: 293318625600, 5040, 60, 12, 6, 4. ஆறுமே மிகு பகு எண்கள்.

கிரேக்கத்துல பிளேட்டோ, 'சட்டங்கள்' நூல்ல, ஒரு நல்ல நகரத்துல நிலமுள்ள குடும்பங்கள் 5040 இருக்கணும்னு எழுதினார். காரணம் கணக்குதான். போருக்கோ வரிக்கோ நிலம் பிரிக்கவோ எத்தனை பிரிவாவும் பிரிக்கலாம். 1-ல இருந்து 10 வரைக்கும் எல்லாம் வகுக்கும், 12-ம் வகுக்கும். 11 மட்டும் உதைக்கும். ரெண்டு குடும்பத்தை விலக்கிட்டா அதுவும் சரியாயிடும்னு பிளேட்டோவே வழி சொல்றார் (5038 = 11 × 458).

இன்னொரு பக்கம், 1984-ல பிரான்ஸ்ல கீ ரோபேன் ஒரு தேற்றம் நிரூபிச்சார். காரணிகளோட கூட்டுத்தொகைக்கு ஒரு குறிப்பிட்ட எல்லை இருக்கு. 5040-க்கு மேல எந்த எண்ணும் அந்த எல்லையைத் தொடாதுன்னு காட்டிட்டா, ரீமான் கருதுகோளையே நிரூபிச்ச மாதிரி. கணிதத்துல தீராம இருக்கிற பெரிய புதிர் அது. 5040-தான் அந்த எல்லையைத் தாண்டறதா தெரிஞ்ச கடைசி எண். நம்ம 293318625600-க்கு எல்லை சுமார் 5.83 மடங்கு, அது இருக்கறது 5.6-ல. பத்திரமா கீழதான் இருக்கு.

இதுலயும் ராமானுஜன் முன்னாடியே நடந்து போயிருக்கார். 1915 கட்டுரை முழுசா அச்சாகல. போர்க்காலம், லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை, அதனால ஒரு பகுதியை நிறுத்திட்டாங்க. அந்தப் பகுதியில அவர் காரணிகளோட கூட்டுத்தொகையையும் ஆராய்ஞ்சு, ரீமான் கருதுகோள் உண்மைன்னு எடுத்துக்கிட்டா அது எவ்வளவு வளர முடியும்னு கணக்குப் போட்டிருந்தார். கையெழுத்துப் பிரதி கேம்பிரிட்ஜ்ல டிரினிட்டி கல்லூரியில இருந்தது. 1988-ல ராமானுஜனோட 'தொலைந்த நோட்டுப்புத்தகம்' அச்சாகி வந்தப்ப அதோட நகலும் சேர்ந்து வந்தது. 1997-ல நிக்கோலாங்கற கணிதவியலாளரும் அதே ரோபேனும் குறிப்புகள் எழுதி, ராமானுஜன் பேர்ல வர்ற ஆய்விதழோட முதல் தொகுதியில வெளியிட்டாங்க. எழுதி 80 வருஷத்துக்கு மேல ஆகியும், அப்ப ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தவங்களுக்கு அது பழசாத் தெரியல.

ஆக, அடுத்த டிசம்பர் 22-க்கு யாராவது பள்ளிக்கூடத்துல ஒரு எண்ணை எழுதிப் போடணும்னு கேட்டா, 293318625600-ஐக் கொடுங்க. பிள்ளைங்க அதை உடைக்கட்டும், காரணிகளை எண்ணட்டும், 9-க்கும் 12-க்கும் நடுவுல ஆள் தேடட்டும். ஒரு பீரியடுக்கு அருமையா தாங்கும்.

முடிச்சவங்களுக்கு வீட்டுப்பாடமும் ரெடியா இருக்கு. ராமானுஜனோட பட்டியல் நின்ன இடத்துக்கு அடுத்த மிகு பகு எண் 8995104518400. அதுக்கு 10368 காரணிகள், இன்னும் 23-ஓடதான் நிக்குது. அதுக்கும் அடுத்தது 9316358251200. அங்கதான் 29 முதல்முதலா உள்ள வருது. அந்த எண்ணை 29-ஆல வகுத்துப் பாருங்க. வர்ற விடை, நம்ம எண்ணுக்கு அடுத்த வீட்டுல இருக்கற அதே 321253732800.